நாகர்கோவில் தொகுதியின் தேர்தல் நிலவரத்தைக் கணிப்பது எப்படி?

நாகர்கோவில் சட்டமன்றத் தொகுதியில் 2011-இல் அதிமுகவும், 2016-இல் திமுகவும், 2021-இல் பாஜகவும் வென்றிருப்பதால், கட்சிக் கோட்டை என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். வாக்குச்சாவடி வாரியான முடிவுகள் அடங்கிய படிவம் 20-ஐ எடுத்து, மூன்று தேர்தல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: வாக்காளர் பெருகும்போது சாவடிகள் பிரிக்கப்படுவதால், பழைய 112-ஆம் சாவடியும் புதிய 112-ஆம் சாவடியும் ஒரே தெருக்களைக் கொண்டிருக்க வேண்டியதில்லை; ஆகவே எண்ணை விட்டுவிட்டு, வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்திலுள்ள தெருப் பெயர்களைக் கொண்டே ஒப்பிட வேண்டும். நாஞ்சில் நாட்டு வயல் மனையாகி, மனை வீடாகிவிட்ட ஓரப் பகுதிகளில் புதிதாகச் சேர்ந்த பெயர்களைத் தனியே எண்ணுங்கள். குடிவந்தோர் சிலர் வாக்கைச் சொந்த ஊரிலேயே வைத்திருப்பர். அதைச் சாயாக்கடையில் கேட்டால்தான் தெரியும்.