தச்செறும்பு வீட்டுக்குள் வந்தால்: மருந்துக்கு முன் ஈரத்தைத் தேடுங்கள்

ஜன்னல் சட்டத்துக்குக் கீழே கொஞ்சம் மரத்தூள் கிடக்கிறது. பெருக்கித் தள்ளினால் இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் மறுபடியும் சேர்கிறது. இரவில் விளக்கைப் போட்டால் பெரிய எறும்புகள் ஒன்றிரண்டு சுவரோரமாக ஓடுகின்றன. இதைப் பார்த்ததும் ஸ்பிரே டப்பாவை எடுப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம். ஆனால் வெளியே நடமாடுவது கூட்டத்தில் ஒரு சிறு பகுதிதான். ராணியும் முட்டையும் புழுக்களும் மரத்துக்குள் பத்திரமாக இருக்கும்.

தச்செறும்பு மரத்தைத் தின்பதில்லை. குடியிருப்பதற்காகக் குடைந்து, குடைந்த தூளை வெளியே தள்ளிவிடுகிறது. காய்ந்து இறுகிய மரத்தைவிட, தண்ணீர் பட்டுப் பட்டு இற்றுப்போன மரம்தான் அதற்கு வசதி. ஆகவே இந்த எறும்பைத் தேடுவதும், கட்டடத்தில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று தேடுவதும் பெரும்பாலும் ஒரே வேலைதான்.

1. வந்திருப்பது எது என்று உறுதி செய்யுங்கள்

கையில் இருக்கவேண்டியவை: டார்ச், பூதக்கண்ணாடி, ஸ்குரூ டிரைவர், எறும்பைப் பிடித்து வைக்க ஒட்டும் டேப். மரத்தின் ஈரத்தை அளக்கும் மீட்டர் இருந்தால் பாதி வேலை குறையும்.

தச்செறும்பின் வேலைக்கார எறும்புகள் ஒரே கூட்டிலேயே பல அளவில் இருக்கும், ஏறக்குறைய 6 முதல் 13 மில்லிமீட்டர் வரை. நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பு, சிவப்பு கலந்த கறுப்பு, பழுப்பு என்று இனத்துக்கு இனம் மாறும். உடலமைப்பைப் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் முதுகு மேடுபள்ளம் இல்லாமல் ஒரே வளைவாக இருக்கும். இடுப்பில் ஒரே ஒரு முடிச்சு இருக்கும்.

இன்னொன்று: இவை சேர்ந்த காம்போனோட்டஸ் என்ற பேரினத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் பல மண்ணில் கூடு கட்டுபவை. பெரிய எறும்பு ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டதாலேயே உத்தரம் போய்விட்டது என்று பதற வேண்டாம்.

இறக்கை முளைத்தவை பறந்தால் கரையானின் ஈசலா, எறும்பா என்ற குழப்பம் வரும். ஈசலுக்கு நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், இடுப்பு தடிமன், உணர்கொம்பு நேராக மணி கோத்ததுபோல் இருக்கும். எறும்புக்கு முன்னிறக்கை நீளம், பின்னிறக்கை குட்டை. இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும்.

இறக்கை எறும்புகள் வீட்டுக்குள்ளிருந்தே கூட்டமாகக் கிளம்பினால் கூடு உள்ளேதான் இருக்கிறது. அது புதுக் கூடும் அல்ல. முதல் ஆண்டில் ஒரு கூட்டில் சில வேலைக்கார எறும்புகள்தான் இருக்கும். கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகி, இறக்கையுள்ளவற்றை உருவாக்க மூன்று முதல் ஆறு ஆண்டுகள் பிடிக்கும்.

2. தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள்

பலர் கவனிக்காமல் பெருக்கித் தள்ளிவிடுவது இதைத்தான். ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். தச்செறும்பின் தூள் நார் நாராக, இழைப்புளியில் சீவியதுபோல் இருக்கும். அதற்குள் செத்த எறும்பின் கால், தலை, மற்ற பூச்சிகளின் ஓடு, மண் துகள் எல்லாம் கலந்திருக்கும். கூட்டின் குப்பையும் அதோடு சேர்ந்துதான் வெளியே வருகிறது. மாவுபோல நைசாக, வேறு எதுவும் கலக்காமல் இருந்தால் மரம் அரிக்கும் வண்டைச் சந்தேகியுங்கள். ஒரே அளவில் சிறு சிறு மணிகளாக இருந்தால் உலர்மரக் கரையானின் எச்சம்.

மரம் ஏற்கெனவே உடைந்திருந்தால் உள்ளேயும் பாருங்கள். எறும்பு குடைந்த வழிகள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல வழவழவென்று சுத்தமாக இருக்கும். மண் கரையான் அரித்த இடத்தில் மண்ணும் எச்சமும் அப்பியிருக்கும்.

தூள் கிடக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் கூடு என்று நினைத்துவிடாதீர்கள். சுவருக்குள் விழும் தூள், விழுந்த வழியே சறுக்கி எங்காவது ஓர் இடுக்கில் வெளிவரும். தூளே வெளியே வராத கூடுகளும் உண்டு.

3. ஈரமான இடங்களின் பட்டியல் போடுங்கள்

வரிசையாக: சமையல் தொட்டிக்குக் கீழே, குளியலறைத் தரையின் ஓரம், கழிப்பறைக் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், ஜன்னல் நிலையின் கீழ்ச்சட்டம், வாசல் நிலையின் அடிப்பகுதி, கூரையும் புகைபோக்கியும் சேரும் இடம், மழைநீர்த் தகடு அடைத்து வழியும் மூலை, ஏசி தண்ணீர் சொட்டும் சுவர், மண்ணைத் தொட்டு நிற்கும் மரத்தூண்.

ஒவ்வோர் இடத்திலும் ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று வெற்றொலி கேட்டால் முனையால் அழுத்துங்கள். நல்ல மரம் தாங்கும், இற்றது உள்வாங்கும். மீட்டர் இருந்தால் 15 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 20 சதவீதத்தைத் தாண்டினால் எறும்பு இருக்கிறதோ இல்லையோ, அந்த மரம் இற்றுப்போகும் பாதையில்தான் இருக்கிறது.

தட்டியபின் காதைச் சுவரில் வைத்துக் கேளுங்கள். கூடு கலைந்தால் எறும்புகள் மரத்தில் உடலைத் தட்டி ஒன்றையொன்று எச்சரிக்கும். காய்ந்த தாளைக் கசக்குவதுபோன்ற ஒலி அது. வீடு அமைதியாக இருக்கும் இரவு நேரத்தில் கேட்டால்தான் பிடிபடும்.

ஒரு விதிவிலக்கு: கூரையிலும் சுவரிலும் வெப்பத்தடுப்புக்காக வைக்கும் நுரைப் பலகையிலும் இவை கூடு கட்டும். அங்கே மரத்தூளுக்குப் பதில் நுரைத் துணுக்குகள் உதிரும்.

4. இரவில் பின்தொடருங்கள்

இந்த எறும்புகள் பெரும்பாலும் இரவில் உணவு தேடுபவை. பொழுது சாய்ந்ததும் ஒரு சிறு அட்டையில் தண்ணீர் கலந்த தேன் சில துளியும், பக்கத்திலேயே வேகவைத்த முட்டையோ மீன் துணுக்கோ வையுங்கள். எறும்பைக் கண்ட இடத்துக்கு அருகில் வைத்தால் போதும். டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் எறும்புக்குச் சரியாகத் தெரியாது. வெள்ளை வெளிச்சம் பட்டால் சிதறும்.

வருகிற எறும்பை விட்டுவிடுங்கள். உணவெடுத்துத் திரும்புகிற எறும்பின் பின்னால் போங்கள். அது கம்பி, குழாய், சட்டத்தின் விளிம்பு என்று ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கும். சுவரில் மறையும் இடத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள். வீட்டுக்கு வெளியே போனால் அங்கேயும் தொடருங்கள். கூட்டிலிருந்து 90 மீட்டர் தொலைவு வரைகூட இவை உணவுக்காக வரும்.

தேனுக்கும் முட்டைக்கும் எதில் கூட்டம் அதிகம் என்பதையும் பார்த்துவையுங்கள். இரைமருந்து வைக்கும்போது அது உதவும்.

5. தாய்க்கூடா, கிளைக்கூடா?

முட்டையும் சின்னப் புழுவும் வறண்டுபோகாமல் இருக்க ஈரம் வேண்டும். அதனால் ராணி இருக்கும் தாய்க்கூடு ஈரமான மரத்தில் இருக்கும். பல நேரம் அது வெளியே, பட்ட மரத்திலோ அடிக்கட்டையிலோ இருக்கும். கூட்டம் பெருகியதும் வளர்ந்த புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் தூக்கிக்கொண்டு ஒரு பகுதி வேறிடத்துக்குப் போகும். இந்தக் கிளைக்கூட்டுக்குக் காய்ந்த, கதகதப்பான இடமே போதும். கதவுக்குள்ளிருக்கும் வெற்றிடத்தில்கூட இருக்கும்.

பிரித்துப் பார்த்த இடத்தில் கூட்டுப்புழுக்கள் இருக்கின்றன, முட்டையே இல்லை என்றால் நீங்கள் கண்டது கிளைக்கூடு. அதை அழித்துவிட்டு நிம்மதியாக இருந்தால், சில வாரங்களில் தாய்க்கூட்டிலிருந்து புது ஆட்கள் வந்துவிடுவார்கள். எல்லாம் செய்தும் போகவில்லை என்று சொல்பவர்களின் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

6. ஒழிப்பது

கூடு எட்டும் இடத்தில் இருந்தால் இற்ற மரத்தை அறுத்தெடுத்து அப்புறப்படுத்துவதே சிறந்தது. எறும்புகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பையைக் கட்டி உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

சுவருக்குள் இருந்தால், குறித்துவைத்த இடத்தைச் சுற்றி 3 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, போரிக் அமிலத் தூளை ஊதுபந்தால் மெல்லிய படலமாகச் செலுத்துங்கள். குவியலாகப் போட்டால் எறும்பு சுற்றிக்கொண்டு போய்விடும். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் படலம்தான் உடலில் ஒட்டும். துளை போடுமுன் மின்சார மெயினை நிறுத்துங்கள். சுவருக்குள் கம்பி எங்கே ஓடுகிறது என்று தெரியாவிட்டால் மின்பணியாளரைக் கேட்காமல் துளை போடாதீர்கள். தூளை மூச்சில் இழுக்காதபடி முகக்கவசம் கட்டாயம்.

கூட்டைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் இரைமருந்துதான் வழி. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 50 கிராம் சர்க்கரை, 5 கிராம் போரிக் அமிலம். நன்றாகக் கரைத்து, பஞ்சில் நனைத்து, மூடியில் சிறு துளையிட்ட டப்பாவில் வைத்து எறும்புப் பாதையில் வையுங்கள். குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டவே கூடாது. கலக்கிய பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். மிச்சம் இருந்தால் பெயர் எழுதி ஒட்டிப் பூட்டிவையுங்கள்.

இதில் கெடுவது பெரும்பாலும் அவசரத்தால். அமிலத்தைக் கூட்டிப் போட்டால் எறும்பு தொடாது, அல்லது கூட்டுக்குப் போய் மற்றவற்றுக்கு ஊட்டுவதற்கு முன்பே வழியில் செத்துவிடும். இரையின் அருகில் ஸ்பிரே அடித்தால் அந்தப் பாதையே கைவிடப்படும். பஞ்சு காய்ந்தால் பயனில்லை, இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுங்கள். சோதனையில் எறும்புகள் முட்டையைத்தான் மொய்த்தன என்றால் சர்க்கரைக் கரைசலை வைத்துக் காத்திருக்காதீர்கள். புரத இரையாக விற்கும் ஜெல்லை வாங்குங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

தாங்கு உத்தரத்திலோ கைமரத்திலோ கூடு இருந்தால் நீங்களே அறுக்கக் கூடாது. முட்டுக்கொடுக்காமல் எடுத்தால் மேலே உள்ளது இறங்கிவிடும். கட்டுமானம் தெரிந்தவரை அழையுங்கள்.

7. மறுபடி வராமலிருக்க

கசிவை அடைக்காமல் மரத்தை மட்டும் மாற்றினால், புது மரமும் அதே வழியில் போகும். குழாயையும் கூரையையும் முதலில் சரிசெய்து, மரம் காய்ந்தபின் மூடுங்கள். புதிதாகப் போடும் மரத்துக்கு, வண்ணம் பூசுமுன், மரப் பாதுகாப்புக்கான போரேட் கரைசலை டப்பாவில் சொன்ன அளவில் இரண்டு முறை பூசலாம். ஏற்கெனவே பெயின்ட் அடித்த மரத்தில் அது உள்ளே இறங்காது. மழையில் நனையும் இடத்தில் மேலே பெயின்ட் இல்லாவிட்டால் கரைந்து போய்விடும்.

வெளியே, மரவேலைக்கும் மண்ணுக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். சுவரையும் கூரையையும் தொடும் கிளைகளை வெட்டுங்கள், அவை எறும்புக்குப் பாலம். சுவரைத் தொட்டு வரும் கேபிளும் அப்படித்தான். அது நுழையும் துளையைச் சீலன்ட் போட்டு அடையுங்கள். ஆனால் கூடு இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் அடைப்பதை ஒழித்தபின் செய்யுங்கள். முன்பே அடைத்தால் அவை வீட்டுக்குள் வேறு வழி தேடும்.

பட்ட மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிடுங்கள். விறகு அடுக்குவதானால் வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, தரையைத் தொடாமல் கல்லின் மேல் அடுக்கி, மேலே மூடுங்கள். உள்ளே கொண்டுவருவது அன்றைக்கு எரிப்பதற்கு மட்டும். கொண்டுவருமுன் ஒவ்வொரு கட்டையையும் தரையில் ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்.