சளிப்பூஞ்சையை நெல்லைக்குத் தடம் போட வைப்பது எப்படி?

பைசாரம் பாலிசெபாலம் என்ற மஞ்சள் சளிப்பூஞ்சைக்கு மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. உடம்பு முழுக்க ஒரே செல்தான். பெயரில் பூஞ்சை இருந்தாலும் அது பூஞ்சையும் அல்ல. ஜப்பானில் ஆய்வாளர் நாககாகியின் குழு 2000-இல் அதைப் புதிர்ப்பாதையில் விட்டது. இரண்டு முனையிலும் இருந்த உணவைச் சளிப்பூஞ்சை குறுகிய வழியாக இணைத்துக் காட்டியது. 2010-இல் டோக்கியோவைச் சுற்றிய ஊர்களாக 36 இடங்களில் உணவு வைத்தபோது, ரயில் பாதைக்கு நிகரான வலை பின்னியது. நம் ஊரிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஐப்பசி முதல் தை வரை ஏற்ற காலம். 25 டிகிரி இதற்கு இதம்; சித்திரை வெயிலில் தொடங்கவே வேண்டாம். வித்துக்கு, வடிதாளில் காய்ந்து உறங்கும் துண்டு ஒன்றைக் கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் கேட்டுப் பாருங்கள். வைக்கோல் படப்பிலும் மட்கிய வாழைத்தண்டிலும் தென்படுபவை பெரும்பாலும் வேறு இனங்கள், ஓட்ஸை உணவாக வைத்து வளர்ப்பது கடினம்.

100 மி.லி. தண்ணீரில் 2 கிராம் சைனா கிராஸ் (அகார்) தூளைப் போட்டு, முழுதும் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். சர்க்கரை, பால், உப்பு கூடாது. 15 செ.மீ. கண்ணாடித் தட்டில் ஊற்றினால் அரை செ.மீ. கனத்துக்கு உறையும். ஆறியபின் மூடுங்கள், சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்துச் சொட்டும், தேங்கிய நீரில் பாக்டீரியா பெருகும்.

தட்டுக்கு அடியில் 1 செ.மீ.க்கு 10 கி.மீ. அளவில் வரைபடத்தை ஒட்டுங்கள். தென்காசி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர், திருச்செந்தூர், தூத்துக்குடி, கோவில்பட்டி: ஊருக்கு ஒரே ஒரு ஓட்ஸ் செதில். மசாலா ஓட்ஸ் ஆகாது. ஊருக்கு இரண்டு மூன்று வைத்தால் பச்சைப் பூசணம்தான் முந்தும். வித்தைத் திருநெல்வேலியில் வைத்து ஒரு சொட்டு நீர் விடுங்கள்.

தட்டை இருட்டுப் பெட்டியில் வைத்து, பெட்டியை நீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றுங்கள். இல்லையென்றால் விடிவதற்குள் ஓட்ஸை எறும்பு கொண்டுபோய்விடும். விசிறிக் காற்று நேரே படக்கூடாது. பொதிகை மலையை உணர்த்த, மேற்கு ஓரத்தில் மட்டும் சிறு எல்இடி வெளிச்சம் விழட்டும். வெளிச்சத்தை அது ஒதுக்கும்.

விழித்தபின் மணிக்குச் சுமார் 1 செ.மீ. ஊரும். முதலில் எங்கும் விசிறிபோலப் பரவும். இதைக் கண்டு தோற்றுவிட்டதாக எண்ணித் தட்டைக் கழுவிவிடாதீர்கள். அதன் உடலில் ஓட்டம் மிகுந்த குழாய் தடிக்கும், குறைந்தது சுருங்கி மறையும். அந்தக் கழிப்பில்தான் வலை உருவாகிறது. மறுமுறைக்குப் புது அகார் ஊற்றுங்கள். தான் முன்பு விட்ட சளித்தடத்தை அது தவிர்ப்பதால், பழைய அகாரில் வரும் பாதையை நம்ப முடியாது.

மணியாச்சியில் மட்டும் ஓட்ஸ் வைக்காதீர்கள். தூத்துக்குடிக்கும் கோவில்பட்டிக்கும் போகும் தடம், ரயில் பாதையைப் போலவே, அந்தப் பக்கம் தானாகப் பிரிகிறதா என்று பாருங்கள்.