அறிவியல்மீது மக்கள் நம்பிக்கை: ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மக்கள் அறிவியலை நம்புவதில்லை என்ற புலம்பலோடுதான் பல விழிப்புணர்வுத் திட்டங்கள் தொடங்குகின்றன. முதல் தவறு அங்கேயே நேர்ந்துவிடுகிறது. 68 நாடுகளில் ஏறத்தாழ 72,000 பேரிடம் எடுத்து 2025 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பில், அறிவியலாளர்கள்மீதான சராசரி நம்பிக்கை ஐந்துக்கு 3.62. அவர்கள் திறமையானவர்கள் என்று சொன்னவர்கள் 78%, நேர்மையானவர்கள் என்றவர்கள் 57%, பிறர் கருத்துக்குச் செவிகொடுக்கிறார்கள் என்றவர்கள் 42% மட்டுமே. ஆக, திறமையைப் பற்றிப் பெரும்பாலோருக்குச் சந்தேகம் இல்லை. செவிகொடுப்பதைப் பற்றித்தான் இருக்கிறது. மேடைபோட்டு இன்னும் கூடுதலாகத் தகவலைக் கொட்டினால் அந்த 42 உயரப்போவதில்லை.

"தெரியாததால்தான் எதிர்க்கிறார்கள்"

விளக்கிச் சொல்லிவிட்டால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்ற எண்ணம் ஆய்வாளர்களிடையே மிக ஆழமாக வேரோடியிருக்கிறது. அது எங்கே இடறும் என்பதை இங்கிலாந்தின் கம்பிரியா மலைப்பகுதி காட்டியது. 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு பெய்த மழையில் கதிரியக்க சீசியம் அங்குள்ள மேய்ச்சல் நிலங்களில் இறங்கியது. ஆடு விற்பனைக்குத் தடை வந்தது. மூன்று வாரத்தில் நீங்கிவிடும் என்று முதலில் சொன்னார்கள். கடைசிக் கட்டுப்பாடு நீங்கியதோ 2012-இல். களிமண்ணில் சீசியம் மண்துகளோடு ஒட்டி அடங்கிவிடும். அந்த நடத்தையை வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். மலை நிலமோ மட்கிய தாவரங்களால் ஆன, அமிலத்தன்மை கொண்ட கரிமண். அங்கே சீசியம் அடங்காமல் புல்லுக்குள் ஏறி ஆட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. பெண்டோனைட் என்ற களிமண் வகையைத் தூவினால் சீசியம் கட்டுப்படுமா என்று பார்க்க, ஆடுகளை வேலிக்குள் அடைத்துச் சோதித்தார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆடு அடைத்த இடத்தில் தேறாது, அதை வைத்து வரும் அளவீடு பயன்படாது என்று விவசாயிகள் எச்சரித்தார்கள். யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு அதே காரணத்தால் சோதனை கைவிடப்பட்டது. இதைப் பதிவுசெய்த சமூகவியலாளர் பிரையன் வின் காட்டியது இதுதான்: விவசாயிகள் நம்பிக்கை இழந்தது அறியாமையால் அல்ல, தங்கள் கண்ணெதிரே தவறிய கணிப்புகளை எடைபோட்டுப் பார்த்ததால்.

எனவே மக்களைச் சந்திப்பது முடிவு வந்தபின் செய்யும் சடங்காக இருக்கக் கூடாது. ஆய்வுத் திட்டம் வரைவாக இருக்கும்போதே பாதிக்கப்படக்கூடியவர்கள் ஐந்தாறு பேருடன் உட்காருங்கள். "உங்கள் இடத்தைப் பற்றி இதில் எதைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்?" என்று நேராகக் கேளுங்கள். பொதுக்கூட்டம் ஒரு மணி நேரம் என்றால் உரை 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கேள்விகளை உரைக்கு முன்பே சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். உரை முடிந்தபின் கேட்டால், நீங்கள் பேசியதைப் பற்றி மட்டுமே கேட்பார்கள். அவர்கள் மனத்தில் சுமந்து வந்த கேள்வி அப்படியே வீடு திரும்பிவிடும். கேள்வியைக் கேட்டவரின் சொற்களிலேயே பலகையில் எழுதுங்கள். பதில் தெரியாவிட்டால் யார், எந்தத் தேதிக்குள் பதில் தருவார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

எண்ணில் பாதியை மட்டும் சொல்வது

1995 அக்டோபரில் பிரிட்டனில் ஓர் எச்சரிக்கை வந்தது: புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயத்தை இரு மடங்காக்குகின்றன. பல பெண்கள் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். உண்மையில் அந்த இரு மடங்கு என்பது 7,000 பேரில் ஒருவராக இருந்தது இருவரானது. கர்ப்பகாலத்தில் இரத்தம் உறையும் அபாயம் அதைவிடக் கூடுதல். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது. எச்சரிக்கையில் பொய் ஒன்றும் இல்லை. அடிப்படை எண் விடுபட்டதுதான் கேடு.

"18% கூடுகிறது" என்று எழுதும்போது எதன்மேல் 18% என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லுங்கள். 100 பேரில் 5 பேருக்கு வரும் நோய் என்றால், அது ஏறத்தாழ 6 பேராகிறது. ஒப்பிடும் இரண்டு எண்களுக்கும் ஒரே அடித்தொகை இருக்கட்டும்: "1,000 பேரில் 4, 1,000 பேரில் 7" என்பதுபோல. "250-இல் ஒருவர், 140-இல் ஒருவர்" என்று எழுதினால் பெரிய எண்ணே பெரிய அபாயம் என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். எத்தனை ஆண்டுகளில், எந்த வயதினருக்கு என்பதும் கட்டாயம். நன்மையைச் சதவீதத்திலும் தீமையைத் தலைக்கணக்கிலும் சொல்வது வாசகரை ஒரு பக்கம் தள்ளும் வேலை. தெரிந்தே செய்தால் அது ஏமாற்று.

தெரியாததை மறைப்பது

தடுமாறினால் மக்கள் நம்பமாட்டார்கள் என்ற பயத்தில் ஆய்வாளர்கள் உறுதியாகப் பேசிவிடுகிறார்கள். 2020-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களின் சோதனைகள் இந்தப் பயம் மிகை என்று காட்டின. நிச்சயமின்மையை எண் வரம்பாகச் சொன்னபோது நம்பிக்கை மிகச் சிறிதளவே குறைந்தது. "கூடவோ குறையவோ இருக்கலாம்" என்று வெறும் சொல்லால் மழுப்பியபோதுதான் அதைவிட அதிகம் குறைந்தது. ஆகவே "10 முதல் 14 வரை, பெரும்பாலும் 12" என்று எழுதுங்கள்.

பொய்யான உறுதி என்ன விலை கேட்கும் என்பதற்கு இத்தாலியின் லாக்விலா நகரம் சான்று. 2009-இல் தொடர் நடுக்கங்களால் அஞ்சிய மக்களை அமைதிப்படுத்த, சிறு நடுக்கங்களால் ஆற்றல் வெளியேறுவது நல்லதுதான் என்ற பொருளில் ஓர் அதிகாரி தொலைக்காட்சியில் சொன்னார். நிலநடுக்கவியல் அப்படிச் சொல்வதில்லை. ஏப்ரல் 6 அன்று வந்த நிலநடுக்கத்தில் 309 பேர் இறந்தார்கள். அந்த அதிகாரியோடு ஆறு அறிவியலாளர்களும் 2012-இல் தண்டிக்கப்பட்டு, அறிவியலாளர்கள் 2014-இல் விடுவிக்கப்பட்டார்கள்.

நெருக்கடி அறிவிப்பில் ஐந்து வரிகள் போதும்: தெரிந்தது, தெரியாதது, அதை அறிய நாங்கள் செய்வது, அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது, அடுத்த அறிவிப்பு வரும் நாள். "இந்த அறிவுரை மாறலாம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தால், மாறும்போது அது பின்வாங்கலாகத் தெரியாது.

செய்திக்குறிப்பை ஊதிப் பெரிதாக்குவது

ஊடகங்கள்தான் திரிக்கின்றன என்று ஆய்வாளர்கள் குறைசொல்வது வழக்கம். 20 பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரை வேறு கதை சொல்கிறது. விலங்குச் சோதனையின் முடிவைக் குறிப்பே மனிதருக்கு நீட்டியிருந்தபோது 86% செய்திகளும் நீட்டின. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 10% மட்டுமே. ஊதியதால் கூடுதல் செய்திகள் வந்ததற்கும் தெளிவான சான்று கிடைக்கவில்லை. வெளியிடும் முன் ஆய்வாளரே கடைசிப் பிரதியைப் படிக்க வேண்டும். சோதனை எலியில் நடந்தது என்றால் "எலி" தலைப்பிலேயே வரட்டும். "காரணமாகிறது" என்ற சொல் இருந்தால், கவனித்து மட்டும் எடுத்த தரவுக்கு அது பொருந்துமா என்று பாருங்கள். பங்கேற்றோர் எண்ணிக்கையும் பணம் கொடுத்தவர் பெயரும் முதல் மூன்று பத்திகளுக்குள் இருக்கட்டும். பணத்தின் மூலத்தை வேறொருவர் கண்டுபிடித்துச் சொன்னால் நல்ல ஆய்வும் கறைபட்டுவிடும்.

ஒப்புதலை ஒருமுறை வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பதும் பெருந்தவறு. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று 1990 முதல் இரத்தம் கொடுத்தார்கள். அது மனச்சிதைவு, இனக்குழுவின் பூர்வீகம் போன்ற ஆய்வுகளுக்கும் பயன்பட்டது. பூர்வீகம் பற்றிய கேள்வி அவர்களுடைய தோற்றக் கதைக்கே முரணானது. வழக்கு 2010-இல் 7,00,000 டாலர் இழப்பீட்டோடும் மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்ததோடும் முடிந்தது. ஒப்புதல் படிவத்தில் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனி வரியும் தனிக் கையொப்பமும் வையுங்கள். புதிய கேள்வி எழுந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள்.

கடைசியாக, வந்த தலைகளை எண்ணி வெற்றி என்று அறிக்கை எழுதுவது. இரண்டு நெடுவரிசைகள் கொண்ட ஒரு பதிவேடு போதும்: இடப்பக்கம் மக்கள் எழுப்பிய கேள்வி, வலப்பக்கம் அதனால் ஆய்வில் மாறியது அல்லது மாறாததற்கான காரணம். ஆறு மாதத்துக்குள் அதன் பிரதியை வந்தவர்களுக்கே அனுப்புங்கள். வலப்பக்கம் முழுவதும் காலியாக இருந்தால் நடந்தது கலந்துரையாடல் அல்ல, சொற்பொழிவு; அறிக்கையிலும் அப்படியே எழுதுங்கள்.