செல்லைக் கொல்ற புரோட்டீனோட ஸ்ட்ரக்சரை என்எம்ஆர்ல எப்படி எடுக்கறது

என்எம்ஆர்ங்கறது காந்தப்புலத்துல அணுக்கள் தர்ற சிக்னலைப் படிக்கற முறை. முதல்ல ஒண்ணு, மெஷின்ல ஏத்த அவசரப்படாதீங்க, இந்த வேலைல நம்ம உயிரை வாங்கறதே சாம்பிள்தான். செல்லைக் கொல்ற புரோட்டீனை ஈ.கோலைல வளர்க்கப் போறோம், அது அந்த பாக்டீரியாவையே கொன்னுட்டா? ஆர்என்ஏவை வெட்டற ரகம்னா வெட்டற இடத்துல ஒரே ஒரு அமினோ ஆசிடை மாத்தி வேலை செய்யாம பண்ணிட்டு வளர்க்கலாம், மடிப்பு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். மீடியத்துல நைட்ரஜனுக்கு நைட்ரஜன்-15 அமோனியம் குளோரைடும் கார்பனுக்கு கார்பன்-13 குளுக்கோஸும் மட்டும் குடுங்க. கடைசில புரோட்டீன் 0.5 மில்லிமோலாராவது வேணும், பிஹெச் 6 பக்கம் வைங்க, 7க்கு மேல போனா நைட்ரஜனோட ஒட்டின அமைடு ஹைட்ரஜன் தண்ணியோட வேகமா இடம் மாறி பீக் மங்கிடும். 10% கனநீர் சேர்த்துக்கோங்க.

அடுத்து எச்எஸ்க்யூசி, நைட்ரஜனோட ஒட்டின ஹைட்ரஜன் ஒவ்வொண்ணையும் ஒரு புள்ளியா காட்டற 2டி படம். புரோலினும் சங்கிலியோட முதல் அமினோ ஆசிடும் தவிர மத்த ஒவ்வொண்ணுக்கும் ஒரு புள்ளியாவது வரணும், எண்ணிப் பாருங்க. புள்ளியெல்லாம் ஹைட்ரஜன் அச்சுல 6.5லேர்ந்து 10 பிபிஎம் (சிக்னல் வர்ற இடத்தோட அலகு) வரைக்கும் பரவி இருந்தா நல்லா மடிஞ்சிருக்குன்னு அர்த்தம், 8க்கும் 8.5க்கும் நடுவுல ஈ மொய்ச்ச மாதிரி கிடந்தா மடியல, மறுபடி ஆரம்பிங்க. நல்லா வந்தாலும் ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை எடுங்க, ஏன்னா 3டி எக்ஸ்பரிமென்ட் எல்லாம் நாள்கணக்குல ஓடும், பாதில சாம்பிள் கெட்டா அத்தனையும் வீண்.

எந்தப் புள்ளி எந்த அமினோ ஆசிடோடதுன்னு கண்டுபிடிக்க எச்என்சிஏசிபி, சிபிசிஏகோஎன்எச்ங்கற ரெண்டு 3டி எக்ஸ்பரிமென்ட் ஜோடியா போதும். அப்புறம் நோசிங்கற எக்ஸ்பரிமென்ட், சுமார் 5 ஆங்ஸ்ட்ராமுக்குள்ள இருக்கற ஹைட்ரஜன்களைக் காட்டும், அந்த தூரங்களை சயானாங்கற சாஃப்ட்வேர்ல போட்டு 100 மாடல் கணக்கிட்டு நல்ல 20ஐ வச்சுக்கலாம்.

இங்கதான் நிறைய பேர் வழுக்கறாங்க, டைசல்ஃபைடு, அதாவது ரெண்டு சிஸ்டீனோட சல்ஃபர் சேர்ற பிணைப்பு! நாகப்பாம்பு விஷத்துல இருக்கற கார்டியோடாக்சினையே எடுத்துக்கோங்க, சுமார் 60 அமினோ ஆசிட்தான், ஆனா 8 சிஸ்டீன், அதை ஜோடி சேர்க்க 105 வழி இருக்கு. சிஸ்டீனோட பீட்டா கார்பன் 40 பிபிஎம் பக்கம் இருந்தா பிணைஞ்சிருக்கு, 28 பக்கம்னா தனியா இருக்கு, ஆனா எதோட எது பிணைஞ்சிருக்குன்னு அது சொல்லாது. அதனால ஜோடியை யூகிச்சு மொதல்லயே திணிக்காதீங்க, பிணைப்பே இல்லாம ஒரு ரவுண்டு ஓடவிட்டு எந்த சல்ஃபர் தானா நெருங்குதுன்னு பாருங்க, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிலயும் உறுதி பண்ணிட்டு அப்புறமா பிணைப்பைச் சேர்த்துக்கோங்க.

கார்டியோடாக்சினோட மடிப்பு மூணு விரல் நீட்டின மாதிரி இருக்கும், அந்த விரல் நுனியெல்லாம் மாடலுக்கு மாடல் அலைஞ்சா தப்புன்னு முடிவு கட்டிடாதீங்க, செல் சவ்வுல போய் ஒட்டறதே அந்த நுனிதான். நைட்ரஜன்-15 ரிலாக்சேஷன் (சிக்னல் எவ்ளோ வேகமா அடங்குதுன்னு அளக்கறது) எடுத்துப் பாருங்க, நிஜமாவே ஆடுதா இல்ல நம்மகிட்ட தூரம் பத்தலையான்னு தெரிஞ்சிடும்.