புற்றுநோய் மருந்து எடுப்பவர் திடீரெனத் தடுமாறினால்

லயத்துக் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, பேரப்பிள்ளையின் பெயர் மாறுகிறது, பகலெல்லாம் தூங்கி இரவில் புலம்புகிறார். ஓரிரு நாளில் இப்படி மாறினால் அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். காத்துக் கருப்பும் இல்லை.

ஐபோஸ்பமைட் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றிய சில மணி நேரத்திலேயே குழப்பம் வரலாம். வலிக்குக் கொடுக்கும் மோர்பின், ஸ்டீரொயிட் வகையான டெக்ஸாமெதசோன் மாத்திரைகளாலும் வரும். வாந்தி, பேதியால் உடம்பு வறண்டாலும், சோடியம் குறைந்தாலும், கல்சியம் ஏறினாலும் இதே கதைதான்.

முதலில் வெப்பமானி. பனடோல் கொடுக்கும் முன்பே பாருங்கள்; கொடுத்துவிட்டுப் பார்த்தால் காய்ச்சல் இருப்பது தெரியாமல் போய்விடும். புற்றுநோய் மருந்து ஏற்றி 7 முதல் 14 நாளில், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு மிகக் குறைந்திருக்கும். அப்போது 38 பாகை செல்சியஸ் என்றாலே அவசரம். நுவரெலியாக் குளிரில் நடுங்குகிறார் என்று கம்பளியைப் போர்த்தி விடியும்வரை பொறுப்பது ஆபத்து. காய்ச்சல் இல்லாவிட்டாலும் திடீர்க் குழப்பம் அன்றே டொக்டர் பார்க்க வேண்டியது.

1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். மேல் டிவிஷன் என்றால் ஒருவரை டோர்ச்சோடு ரோட்டுக்கு அனுப்புங்கள். கிளினிக் கொப்பியையும் எல்லா மாத்திரைப் பக்கெட்டையும் ஒரே பையில் போட்டு, கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். அரைமயக்கத்தில் தேத்தண்ணி பருக்க வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மூச்சு மெதுவானால் அடுத்த மோர்பினைக் கொடுக்காதீர்கள். டெக்ஸாமெதசோனை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.