உங்கள் முதல் ரொமான்ஸ் நாவலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"நல்ல ரொமான்ஸ் நாவல் ஒன்று சொல்லுங்களேன்" என்று கேட்டால், பத்துப் பேர் பத்துப் புத்தகம் சொல்வார்கள். அதில் உங்களுக்கு ஒத்துவருவது இரண்டு இருந்தாலே பெரிது. அதனால் பட்டியல் தேடுவதை விட்டுவிட்டு, நமக்கு என்ன பிடிக்கும் என்பதிலிருந்து தொடங்குவோம். இங்கே பேசுவது இன்றைய காலத்தில் நடக்கும் காதல் கதைகளைப் பற்றி மட்டும். ராஜா ராணி, மாயாஜாலம் எல்லாம் தனிக் கடல்.

படி 1: எந்த முடிவு வேண்டும்?

ரொமான்ஸ் என்ற வகைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. காதல்தான் மையக் கதை, முடிவு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கத்தின் வரையறையும் இதுதான். எனவே இருவரும் சேருவார்கள் என்பது ரகசியமே இல்லை. எப்படிச் சேருகிறார்கள் என்பதற்காகத்தான் படிக்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், காதல் வரும் எல்லா நாவலையும் கடைகள் ஒரே அலமாரியில் அடுக்கிவிடுகின்றன. கோலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016) நாவலின் அட்டையில் பூக்கள். உள்ளே இருப்பது குடும்ப வன்முறை. மனசு லேசாக வேண்டும் என்று எடுத்தவர் ஆடிப்போய்விடுவார். கதைச்சுருக்கத்தில் "கண்ணீர்", "இழப்பு" போன்ற சொற்கள் தென்பட்டால், முடிவு மகிழ்ச்சியானதா என்று மட்டும் ரிவ்யூவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: ட்ரோப்பைப் பிடியுங்கள்

ட்ரோப் என்பது கதையின் அடிப்படைச் சூழ்நிலை. எழுத்தாளரின் பெயரைவிட, தொடக்கத்தில் இதுதான் நம்பகமான வழிகாட்டி.

சண்டைக்காரர்கள் காதலர்களாவது 'எனிமீஸ் டு லவ்வர்ஸ்'. இதில் சுவையே வசனத்தில்தான். சாலி தோர்னின் 'தி ஹேட்டிங் கேம்' (2016) நல்ல மாதிரி: ஒரே அலுவலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவர், ஒரே பதவி உயர்வுக்குப் போட்டி. வாய்ச்சண்டை உங்களுக்கு எரிச்சலூட்டும் என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

நட்பு காதலாவது மெதுவாக நகரும். நட்பும் போய்விடுமோ என்ற பயம்தான் அதன் உயிர். காதலர்களாக நடிக்கப்போய் நிஜமாகவே மாட்டிக்கொள்வது 'ஃபேக் டேட்டிங்'. சிரிப்புக்கு அதை அடிக்க ஆளில்லை. பிரிந்தவர்கள் மீண்டும் சந்திப்பது 'செகண்ட் சான்ஸ்'. அதில் பழைய காயத்தின் கனம் இருக்கும். ஒரு போன் செய்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் பிரிவு என்றால் எனக்குப் புத்தகத்தை வீசத் தோன்றும்.

படி 3: நெருக்கம் எவ்வளவு?

படுக்கையறைக் கதவு மூடிக்கொள்ளும் நாவல்களும் உண்டு, விரியத் திறந்தே இருக்கும் நாவல்களும் உண்டு. அட்டையை நம்பாதீர்கள். கார்ட்டூன் படம் போட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கான கதை என்று அர்த்தமில்லை. ஹெலன் ஹோவாங்கின் 'தி கிஸ் க்வோஷண்ட்' (2018) அப்படி வரைந்த அட்டையோடு வந்ததுதான், உள்ளே எல்லாம் வெளிப்படை. தேடும்போது 'க்ளோஸ்டு டோர்' அல்லது 'ஓப்பன் டோர்' என்று சேர்த்துத் தேடினால் விஷயம் தெரிந்துவிடும்.

படி 4: பின்னட்டையைப் பிரித்துப் படியுங்கள்

இப்படி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "காதலே வேண்டாம் என்றிருக்கும் சிடுமூஞ்சி மருத்துவர். எதற்கெடுத்தாலும் சிரிக்கும் புதிய பக்கத்து வீட்டுக்காரன். மூன்று மாதத்துக்கு மட்டும் ஓர் ஒப்பந்தம். ஆனால் அவள் மறைத்துவைத்த கடந்த காலம்..."

முதல் இரண்டு வரியில் எதிரெதிர் குணங்கள், அதாவது கலகலப்பு. மூன்றாவது வரி ஃபேக் டேட்டிங் வாசனை. நான்காவதில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கடந்த காலம் என்பது பழைய காதலாகவும் இருக்கலாம், மரணமாகவும் இருக்கலாம். சில எழுத்தாளர்கள் தங்கள் இணையதளத்திலோ புத்தகத்தின் முதல் பக்கங்களிலோ இதற்கான முன்னெச்சரிக்கைக் குறிப்பு தருகிறார்கள்.

படி 5: மூன்று ஸ்டார் ரிவ்யூ

ஐந்து ஸ்டார் கொடுத்தவர் உருகுவார், ஒரு ஸ்டார் கொடுத்தவர் கொதிப்பார். மூன்று கொடுத்தவர்தான் காரணம் சொல்வார். "பாதிவரை எதுவுமே நடக்கவில்லை" என்று அவர் குறைபட்டால், மெதுவாகக் கனியும் காதலை விரும்புபவருக்கு அதுவே சிபாரிசு.

படி 6: சாம்பிள்

மின்னூல் கடைகளில் முதல் சில பக்கங்களை இலவசமாகப் படிக்கலாம். இருவரும் பேசிக்கொள்ளும் முதல் காட்சிவரை போங்கள். அங்கே சுவாரசியம் தட்டவில்லையா? சரி, அடுத்த புத்தகம்.

அப்புறம், சீரீஸ் என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பாகத்துக்கு ஒரு ஜோடி. முதல் பாகத்தில் தோழியாக வந்து போனவள் இரண்டாவதில் நாயகியாகிவிடுவாள், எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். ஒரே ஜோடியின் கதை பல பாகமாக நீண்டால் மட்டும் முதல் பாகத்தைத் தேடி எடுங்கள்.