ஆம்ப்ளிஃபையருக்கும் உங்கள் இசைக்கும் ஏற்ற ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில், உங்களிடம் இருக்கும் ஆம்ப்ளிஃபையரைத் திருப்பி, ஸ்பீக்கர் வயர்களைச் செருகும் முனைகளுக்கு அருகே என்ன அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘8 ஓம்’ என்றோ ‘4–16 ஓம்’ என்றோ இருக்கும். ஓம் என்பது மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் (இம்பீடன்ஸின்) அளவு. அந்தக் கீழ்வரம்பைவிடக் குறைந்த ஓம் கொண்ட ஸ்பீக்கரை இணைத்தால், ஆம்ப்ளிஃபையர் தன் சக்திக்கு மீறிய மின்னோட்டத்தைத் தர நேர்ந்து, ஒலியைக் கூட்டும்போது அளவுக்கு மேல் சூடாகிப் பழுதடையக்கூடும். ஓம் அளவு அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும் என்பதால், விவரத்தாளில் குறைந்தபட்ச இம்பீடன்ஸ் தரப்பட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது சென்சிடிவிட்டி. புதியவர்கள் பலர் வாட் எண்ணையே பார்க்கிறார்கள். என் கருத்தில் இதுதான் அதைவிட முக்கியம். 2.83 வோல்ட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்பதை இது சொல்கிறது. ஒலி 3 டெசிபல் கூட வேண்டுமானால் சக்தி இரண்டு மடங்காக வேண்டும். ஆகவே, 84 டெசிபல் ஸ்பீக்கர் 30 வாட்டில் எழுப்பும் ஒலியை, 90 டெசிபல் ஸ்பீக்கர் ஏறத்தாழ 7.5 வாட்டிலேயே எழுப்பிவிடும். ஒரு நுணுக்கம்: 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட், 4 ஓமில் 2 வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரின் எண்ணிலிருந்து 3 டெசிபலைக் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும்.

ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே குறிக்கிறது. சிறிய ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, அதனாலும் ட்வீட்டர் (உயர் சுருதி ஒலிகளை எழுப்பும் சிறிய பகுதி) எரிந்துபோகலாம்.

இனி இசைக்கு வருவோம். ஒரே வகை இசையை வைத்துத் தீர்மானிக்காமல், நன்கு பழகிய பதிவுகளில் நான்கைந்தை எடுத்துச் செல்லுங்கள். முதலில் தனிக்குரல் பாட்டு: பாடுபவரின் மூச்சும் ‘ச’, ‘ஷ’ ஒலிகளும் காதைக் குத்தாமல் தெளிவாகக் கேட்க வேண்டும். பிறகு மிருதங்கம்: வலந்தலையின் (வலப்பக்கத்தின்) கூர்மையான சொல்லும் தொப்பியின் (இடப்பக்கத்தின்) கும்காரமும் ஒன்றோடொன்று குழம்பாமல் பிரிந்து நிற்கின்றனவா என்று கவனியுங்கள். அடுத்து ஆழ்ந்த பேஸ்: டபுள் பேஸ் என்ற பெரிய தந்திக் கருவியின் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். சிறிய புத்தக அலமாரி ஸ்பீக்கர்கள் பலவற்றில் அந்த ஆழம் மெலிந்துவிடும். இறுதியாக, பல கருவிகள் சேர்ந்து முழங்கும் பதிவு ஒன்றைச் சற்று உரக்க வையுங்கள். எல்லா வகையையும் கேட்பவராக இருந்தால், அதிரும் பேஸைவிடக் குரல் இயல்பாக ஒலிக்கும் ஸ்பீக்கரையே தேர்ந்தெடுங்கள். குரல் பிசகினால் எந்த இசையும் நிறைவு தராது.

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வைப்பது கட்டாயம், ஏனெனில் சற்றே உரக்க ஒலிப்பது பெரும்பாலும் சிறந்ததாகத் தோன்றும். கூடுமானால் உங்கள் அறையிலேயே சில நாட்கள் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பேஸ் கும்மென்று அடைத்தால், அந்த ஸ்பீக்கரை ஒதுக்கும் முன், சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தி மறுபடி கேட்டுப்பாருங்கள்.